அரசின் கை எதுவரை நீளலாம்?

புன்னக்காயலில் தாமிரபரணி கடலோடு கலக்கிறது. பொதிகையில் புறப்பட்டு, மாஞ்சோலை மலைப்பக்கமிருந்து வரும் மணிமுத்தாற்றையும் சேர்த்துக்கொண்டு, திருநெல்வேலி கொக்கிரகுளத்தைத் தாண்டி இங்கே வந்து முடிகிறது. அரசுக்கு ஒரு குடிமகன் மேல் எவ்வளவு அதிகாரம் உண்டு என்ற கேள்வி இந்த ஆற்றங்கரையில்தான் 17 உயிர்களைக் காவு வாங்கியது.

1999 ஜூலை 23. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், அதற்காகப் போராடிச் சிறையில் இருந்த 600-க்கும் மேற்பட்டோரை விடுவிக்கக் கோரியும் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி சென்றது. புதிய தமிழகம், தமிழ் மாநில காங்கிரஸ் உள்ளிட்ட கட்சிகள் சேர்ந்து நடத்திய பேரணி அது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். மனு கொடுக்கப் போனவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு பக்கம் தடி, மறுபக்கம் ஆறு. பலர் ஆற்றில் இறங்கினர். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உட்பட 17 பேர் இறந்தனர். விசாரித்த நீதிபதி மோகன் ஆணையம், 11 பேர் நீரில் மூழ்கி இறந்ததாகக் கூறியது. அப்படியே வைத்துக்கொண்டாலும், அவர்களை நீருக்குள் இறங்க வைத்தது எது என்ற கேள்வி ஆற்றோடு போய்விடவில்லை.

எந்தப் பக்கம் நல்லது?

இடதுசாரி, வலதுசாரி என்று மாணவர்கள் பாடத்தில் படிக்கிறார்கள். 1789 பிரெஞ்சுப் புரட்சியின்போது, மன்னரின் அதிகாரத்தை ஆதரித்தவர்கள் சபைத் தலைவருக்கு வலப்புறமும், அதற்குக் கடிவாளம் போட நினைத்தவர்கள் இடப்புறமும் அமர்ந்தார்கள். அதிலிருந்து வந்த பெயர்கள் இவை. ஆள்பவரின் அதிகாரத்துக்கு எல்லை எது என்ற சண்டையில்தான் இந்தப் பிரிவே பிறந்தது. இன்றோ நிலமும் தொழிலும் அரசு கையிலா, தனியார் கையிலா என்பதே இந்தச் சொற்களின் முதல் பொருளாகிவிட்டது.

ஆனால், தடி கொடியின் நிறம் பார்ப்பதில்லை. 1995 ஆகஸ்ட் 31-ல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வீடாகச் சூறையாடியபோது அதிமுக ஆட்சி. 1999-ல் திமுக ஆட்சி. 1979-ல் மேற்கு வங்கத்தின் மரிச்ஜாபி தீவில் குடியேறிய தலித் அகதிகளை, உணவும் தண்ணீரும் போகவிடாமல் முற்றுகையிட்டு விரட்டியது இடதுசாரி அரசு.

அப்படியானால் அரசே ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லலாமா? நம்மால் முடியாது. 1968-ல் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தது அரசு அல்ல, நிலவுடைமை ஆதிக்கம். அங்கே அரசின் கை நீளவில்லை என்பதுதான் குற்றம். சேரிக்குள் அரசு வராத நாளில் சுதந்திரம் வருவதில்லை. ஊர்க் கட்டுப்பாடுதான் வருகிறது.

இதை அம்பேத்கர் 1947-லேயே சொன்னார். அரசியலமைப்புக்காக அவர் தயாரித்த 'அரசுகளும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், அரசு விலகினால் கிடைக்கும் சுதந்திரம் யாருக்கு என்று கேட்டார். வாரம் ஏற்ற நிலவுடைமையாளருக்கு, கூலி குறைக்க முதலாளிக்கு என்பதே அவர் கண்ட விடை. அதே அறிக்கையில் தனிமனிதரின் அடிப்படை உரிமைகளையும் பட்டியலிட்டார். அரசுக்குப் பலம் வேண்டும், அந்தப் பலத்துக்குக் கட்டும் வேண்டும். மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கேட்டதும் இந்த இரண்டையும்தான்: தோட்ட நிர்வாகத்திடம் அரசு பேச வேண்டும், தங்களை அரசு அடிக்கக் கூடாது.

சட்டத்தில் இரண்டு கயிறுகள்

அரசின் கையைப் பிடித்து நிறுத்தும் கயிறு ஒன்று. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19-வது பிரிவு தருகிறது. சட்டம் வகுத்த வழியில் அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்க முடியாது என்கிறது 21-வது பிரிவு. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22-வது பிரிவு. கைது விவரத்தை உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், கைது செய்யும் போலீஸார் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும் என்று 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நீளாத கையை இழுத்துவரும் கயிறு இன்னொன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ன் 4-வது பிரிவு, புகாரைப் பதிவு செய்யாமல் வேண்டுமென்றே கடமை தவறும் தலித், பழங்குடியினர் அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. வழக்குப் பதிவதற்கு முன் ஆரம்பக்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் தெளிவாக்கியது.

முதல் கயிறு தளர்ந்தால் அடி நம்மோடு நிற்காது. சாத்தான்குளத்தில் 2020-ல் போலீஸ் காவலில் சித்திரவதைக்குள்ளாகி இறந்த தந்தையும் மகனும் வணிகர்கள். 2018 மே மாதம் தூத்துக்குடி ஸ்டெர்லைட் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான 13 பேரில் பல சமூகத்தினரும் இருந்தார்கள். சேரியில் பழகிய கை ஊருக்குள்ளும் வரும்.

தலித், பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். படிக்கும் பிள்ளைகள் இந்தப் பிரிவு எண்களை நோட்டில் எழுதி, வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆண்டுதோறும் ஜூலை 23-ல் தாமிரபரணியில் மலர் தூவுகிறோம். காவல் நிலைய வாசலில் நின்று 'என்ன காரணத்துக்காகக் கைது?' என்று கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருந்தால், அதுவும் அந்த 17 பேருக்குச் செய்யும் அஞ்சலிதான்.