திரையில் மாறும் எண்கள்

சாயப்பட்டறைகளில் முள் காட்டும் வட்ட அளவுமானிகள் இருந்த இடத்தில் இப்பொழுது தொடுதிரைப் பலகைகள் வந்துகொண்டிருக்கின்றன. தொட்டியின் வெப்பம், நீரின் அளவு, சென்ற நிமிடங்கள் ஆகிய யாவும் எண்களாகத் தோன்றி மாறுகின்றன. அவ்வெண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சங்க நிர்வாகிகள் அறிந்திருத்தல் அவசியமாகும். அறியாமையால் விளைந்த நட்டம் ஒன்றை நாம் நேரில் கண்டோம்.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், 60 டிகிரியில் சாயமேற வேண்டிய நூல் வெளிறிப் போயிருந்தது. திரை 52 என்றே காட்டிக்கொண்டிருந்தபடியால் தொழிலாளி நீராவிக் குழாயை மூடவில்லை. ஐயங்கொண்டு கண்ணாடி வெப்பமானியை இட்டுப் பார்த்தபோது 78 டிகிரி இருந்ததாம். காரமிட்ட சாயநீரில் வெப்பம் மிகுந்தால், சாயத்தில் ஒரு பகுதி நூலைப் பற்றுமுன் நீருடன் கூடிக் கெட்டுவிடும். பழி தொழிலாளியின் தலையில் விழுந்தது.

உண்மையில், திரை எதையும் அளப்பதில்லை. அளப்பது பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவி. அமெரிக்காவில் 1969-ல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட இவ்வகைக் கருவியும், அதே நிறுவனம் 1979-ல் வெளியிட்ட மோட்பஸ் என்னும் செய்திமுறையும் இன்றைய ஆலைகள் பலவற்றின் அடிப்படையாகும். கருவியினுள் ரிஜிஸ்டர்கள் பல உண்டு. அவற்றை நம் பேரேட்டின் பக்கங்களாகக் கருதலாம். திரை, குறித்த பக்கத்தைச் சிறு இடைவெளிவிட்டுக் கேட்டு, வந்த எண்ணை நகலெடுத்துக் காட்டுகிறது.

எனவே நிரல் எழுதுவோர் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, பக்க எண். மோட்பஸ் முறையில் 40001 என்று ஏட்டில் எழுதப்படும் ரிஜிஸ்டர், கம்பியில் 0 எனச் செல்கிறது. இதை மறந்தால் ஒரு பக்கம் தள்ளிப்போய், வெப்பத்தின் இடத்தில் வேறொன்று தோன்றும்.

இரண்டாவது, எண்ணின் வகை. ஒரு ரிஜிஸ்டர் 0 முதல் 65535 வரை கொள்ளும். கழித்தற்குறியோடு வைத்தால் -32768 முதல் 32767 வரை. வகை பிசகினால் -1 என்பது 65535 ஆகத் தெரியும்.

மூன்றாவது, புள்ளி. 60.5 டிகிரியை 605 என முழு எண்ணாக வைத்து, திரையில் புள்ளியிடுவது வழக்கம். இருபுறமும் ஒத்திராவிடில், தொழிலாளி 60.0 என்று இட, கருவி 600 என்று கொள்ளும். ஆகவே இடத்தக்க எண்ணுக்குக் கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் திரையில் மட்டுமன்றிக் கருவியிலும் விதித்தல் வேண்டும்.

மேற்சொன்ன சங்கத்தில் இம்மூன்றும் சரியாகவே இருந்தன. திரைக்கும் கருவிக்கும் இடையே கம்பி தளர்ந்திருந்தது. திரையோ கடைசியாகப் பெற்ற 52-ஐயே வைத்துக்கொண்டது. இதற்கு மாற்று எளிது. கருவி வினாடிக்கு ஒருமுறை ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். அது சில வினாடிகள் மாறாது நின்றால், திரை வெப்ப எண்ணை மறைத்து, ‘தொடர்பு இல்லை’ என்று சிவப்பில் எழுத வேண்டும். நிரலில் சில வரிகளே இதற்குப் போதும்.

நிர்வாகக் குழுவினர்க்கு நாம் கூறுவது இதுவே. பலகை வாங்கும்போது நிரலின் பிரதியையும் ரிஜிஸ்டர் அட்டவணையையும் எழுதிப் பெற்றுச் சங்கத்தின் அலமாரியில் வையுங்கள். குளிர்நீர், வெதுநீர், கொதிநீர் மூன்றிலும் கண்ணாடி வெப்பமானியோடு திரையை ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னர்க் கம்பியை வேண்டுமென்றே கழற்றி, திரை என்ன சொல்கிறதென்று காணுங்கள். இச்சோதனை முடியாதவரை முழுத்தொகையையும் கொடுத்துவிடாதீர்கள்.

தளர்ந்த கம்பியை நாம் காட்டிய பின்னர், அத்தொழிலாளியின் கூலியில் பிடிக்கவிருந்த தொகையைக் குழு கைவிட்டது. வெளிறிய நூல் மட்டும் மீளவில்லை.