எழ மறுக்கும் கணினி

காப்புநகலிலிருந்து மீட்ட வட்டில் கோப்புகள் அனைத்தும் உள்ளன. வேறொரு கணினியோடு இணைத்தால் படங்கள் திறக்கின்றன. கடிதங்கள் படிக்கக் கிடைக்கின்றன. தனக்குரிய கணினியில் மட்டும் அவ்வட்டு இயங்குதளத்தை எழுப்ப மறுக்கிறது. நகலே பழுது என்று முடிவு கட்டி, மீட்புப் பணியை முதலிலிருந்து தொடங்குவோர் பலர். பெரும்பாலும் அது வீண்வேலை. கோப்புகள் நலமாகவே இருக்கின்றன. அவற்றை அடையும் வழிதான் அறுந்திருக்கிறது.

பழைய பயாஸ் முறையில் கணினி முதலில் படிப்பது வட்டின் தொடக்கத்திலுள்ள 512 பைட்டுகளை மட்டுமே. அவற்றுள் 446 பைட்டு தொடக்க நிரலுக்கு. 64 பைட்டு பிரிவுகளின் அட்டவணைக்கு. எஞ்சிய இரண்டும் முத்திரைக்கு. 1983இல் ஐபிஎம் எக்ஸ்டி கணினியோடு வந்த ஏற்பாடு இது. தொடக்க நிரலின் இடத்திலேயே, அதன் வாலருகே, நான்கு பைட்டு அளவுள்ள வட்டு அடையாள எண்ணையும் விண்டோஸ் பொறித்து வைக்கிறது. லினக்சின் குரப் என்னும் தொடக்க நிரலோ முதற் பிரிவுக்கு முன்னுள்ள வெற்றிடத்தில் தன் உடலின் ஒரு பகுதியைக் கிடத்துகிறது. இவை எவையும் கோப்புகள் அல்ல. ஆதலின் கோப்புகளையோ ஒரு பிரிவையோ மட்டும் நகலெடுத்தவர் கையில் இவை சிக்குவதில்லை.

இன்றைய யூஇஎஃப்ஐ முறையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. தொடக்க நிரல் ஒரு சிறு தனிப்பிரிவில் கோப்பாகவே இருக்கிறது. ஆனால் எந்தப் பிரிவில், எந்தக் கோப்பு என்னும் குறிப்பு தாய்ப்பலகையின் நினைவகத்தில் இருக்கிறது. அப்பிரிவைக் குறிக்கும் நீண்ட அடையாள எண்ணும் அக்குறிப்பில் அடக்கம். புது வட்டில் பிரிவுகளைப் புதிதாக வகுத்தால் எண் மாறிவிடும். பழைய குறிப்பு, இல்லாத ஒன்றைத் தேடி ஓயும். வட்டை எத்துணைக் கவனமாக நகலெடுத்தாலும், வட்டிலேயே இல்லாத ஒன்றை எவ்வாறு நகலெடுப்பது?

எனவே, எதையும் அழிக்குமுன் கணினி எந்தப் படியில் நின்றது என்று பார்த்தல் வேண்டும். தொடக்கச் சாதனம் இல்லை என்று திரை சொன்னால் முதற்படியே கிட்டவில்லை. குரப்பின் மீட்பு முனை தோன்றினால் மனம் தளர வேண்டா. முதற்படி கடந்துவிட்டது, அடுத்த பகுதியின் முகவரிதான் பிழை. விண்டோசின் நீலத்திரை வந்து, தொடக்க வட்டை அணுக இயலவில்லை என்று கூறினால், கருநிரலே நினைவகத்துக்கு வந்துவிட்டது. வட்டுக்குரிய இயக்கிதான் இல்லை. கணினியின் அமைப்பில் வட்டுமுறை ஏஎச்சிஐயிலிருந்து ரெய்டுக்கு மாறியிருந்தாலும் இது நேரும்.

திருத்துமுன் பழைய வட்டைக் கழற்றிவிடுக. நகலும் மூலமும் ஒரே அடையாள எண்ணோடு இணைந்திருந்தால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவைக்கும். லினக்சோ எதனைப் பற்றும் என்று சொல்ல இயலாது. பின்னர் மீட்பு யுஎஸ்பியை, இயங்குதளத்தை நிறுவியபோதிருந்த அதே முறையில் (பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ) தொடக்குக. விண்டோசில் பிசிடிபூட் கட்டளை தொடக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதித்தரும். வட்டின் முதல் 512 பைட்டுகளைத் திருத்தும் பூட்ரெக் கட்டளையை எல்லா நோய்க்கும் மருந்தாகப் பரிந்துரைக்கும் வழக்கம் உண்டு. அந்தத் திருத்தத்தால் யூஇஎஃப்ஐ கணினிக்குப் பயனில்லை. லினக்சில் மீட்ட அமைப்பினுள் வேர் அடைவை மாற்றி நுழைந்து குரப்பை மீள நிறுவி, எஃப்எஸ்டேப் கோப்பிலுள்ள அடையாள எண்களையும் சரிபார்க்க வேண்டும்.

ஒரு நிலையில் மட்டும் இவை எவையும் உதவா. 512 பைட்டுக் கூறுகளாகக் கணக்கிடும் வட்டின் முழுநகலை 4096 பைட்டுக் கூறுகளாகக் கணக்கிடும் வட்டில் அப்படியே பதித்தால், அட்டவணையிலுள்ள ஒவ்வோர் இடமும் எட்டு மடங்கு தள்ளிப்போகும். அங்கே பிரிவுகளைப் புதிதாக வகுத்து, கோப்புகளை ஒவ்வொன்றாகக் குடியேற்றி, தொடக்க நிரலையும் புதிதாக எழுதுவதே வழி.