ரீசார்ஜ் ரேட்டை ஏத்துறது யாரு?

‘மச்சி, ஹாட்ஸ்பாட் போடுடா!’னு ஹாஸ்டல் வராந்தாவுல குரல் கேட்டா, யாருக்கோ பேக் முடிஞ்சுபோச்சுனு அர்த்தம். அந்த பேக் ரேட்டை யார் முடிவு பண்றாங்கனு யோசிச்சிருக்கீங்களா பாஸ்?

உங்க அப்பாகிட்ட பழைய செல்போன் கதையைக் கிளறிப் பாருங்க. 1990-களின் மத்தியில, செல்போன் வந்த புதுசுல, சென்னையில ஆர்.பி.ஜி., ஸ்கைசெல்னு ரெண்டே கம்பெனிதான். ஊருக்கு ரெண்டு பேருக்குத்தான் லைசென்ஸ்னு அரசாங்கமே போட்ட கணக்கு அது. பேசினா நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரைக்கும். அதைவிடக் கொடுமை, இன்கமிங்குக்கும் காசு! நம்பரைப் பார்த்துட்டு கட் பண்ணி, பி.சி.ஓ. பூத்தைத் தேடி ஓடின ஜெனரேஷன் அது.

1999-ல கொள்கை மாறி, மூணாவது, நாலாவது கம்பெனிக்குக் கதவு திறந்துச்சு. ரேட்டும் சரிஞ்சுது. 2003-ல இன்கமிங் ஃப்ரீ. 2009-ல டாடா டோகோமோ ‘செகண்டுக்கு 1 பைசா’னு இறங்க, மத்தவங்களும் அதே ரூட். யாரும் திடீர்னு வள்ளல் ஆகிடலை, கஸ்டமர் ஓடிடுவாரோங்கிற பயம்தான்!

2016 செப்டம்பர்ல வந்த ஜியோ, 2017 மார்ச் வரைக்கும் எல்லாமே ஃப்ரீனு கொடுத்துச்சு. நாடே டவுன்லோடுல பிஸியா இருக்க, அந்தப் பக்கம் கடைகள் ஒவ்வொண்ணா ஷட்டரை இறக்கிச்சு. தமிழ்நாட்டுல கொடிகட்டிப் பறந்த ஏர்செல், கடனும் சேர்ந்து அமுக்க, 2018 பிப்ரவரியில படுத்துடுச்சு. வேற கம்பெனிக்கு மாற ‘போர்ட்’ மெசேஜ் அனுப்பக்கூட சிக்னல் இல்லாம ஜனங்க அல்லாடினாங்க. அதே வருஷம் வோடஃபோனும் ஐடியாவும் ஒண்ணாச்சு. மிச்சம் தனியார்ல மூணு பேர், கூடவே பி.எஸ்.என்.எல்.

இப்போ பாருங்க... 2024 ஜூன் 27-ல ஜியோ ரேட்டை ஏத்துறதா அறிவிச்சுது. மறுநாளே ஏர்டெல், வோடஃபோன் ஐடியா அறிவிப்பும் வந்தாச்சு. ஜியோவோட 239 ரூபாய் பேக் 299 ஆச்சு. ரகசியமா ரூம் போட்டுப் பேச வேண்டிய அவசியமே இல்லை பாஸ். மூணே பேர்னா, கஸ்டமர் எங்கே போவார்னு மூணு பேருக்கும் தெரியும். ரேட்டை ஏத்தாத பி.எஸ்.என்.எல்.லுக்கு அந்த ஜூலையில மட்டும் சுமார் 29 லட்சம் பேர் கூடுதலா வந்தாங்க. ஆனா, 4ஜி சிக்னல் இல்லாத ஊர்ல அதை வெச்சு என்ன பண்றது? (ஓசி ரேட்டுலேயே காலத்துக்கும் டவர் நடத்த முடியாதுனு கம்பெனிக்காரங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அதையும் சொல்லிடணும்ல!)

அப்புறம் இந்த 28 நாள் கணக்கு. 365-ஐ 28-ஆல வகுத்துப் பாருங்க... வருஷத்துக்கு 13 ரீசார்ஜ்! எல்லாருமே 28 நாள்னா, யார்கிட்ட போய் 30 நாள் கேட்பீங்க? கடைசியில தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ‘டிராய்’தான், 30 நாள் பேக் ஒண்ணு, மாசாமாசம் அதே தேதியில ரீசார்ஜ் பண்ற பேக் ஒண்ணு கட்டாயம் வெச்சாகணும்னு 2022-ல உத்தரவு போட்டுச்சு. ஆப்ல உடனே கண்ணுல படலைனா, கீழே ஸ்க்ரோல் பண்ணித் தேடுங்க!