புட்டிக்குள் பொங்கும் பழரசம்: எது பானம், எது போதை?



சில மாதங்களுக்கு முன் திருவெறும்பூரில் ஜுமுஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிவாசல் வாயிலில் ஒரு தாய் காத்திருந்தார். அவர் கையில் ஒரு துணிப்பை. பைக்குள் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். கருஞ்சிவப்புச் சாறு நிரம்பிய அந்தப் பாட்டிலின் அடிப்பாகம் வெளியே பிதுங்கி, நேராக நிற்காமல் சாய்ந்தது.

“ஹஜ்ரத், பையன் திராட்சை ஜூஸ்ன்னு போட்டு வெச்சிருக்கான். பத்து நாளாச்சு. வாடை ஒரு மாதிரி வருது. இது கூடுமா?” என்று கேட்டார்.

மகனும் உடன் நின்றார். டிப்ளமோ முடித்துவிட்டுத் தொழிற்பயிற்சியில் இருக்கும் பத்தொன்பது வயது இளைஞர், ஐவேளைத் தொழுகையாளி. “கடையில வாங்கல ஹஜ்ரத். காந்தி மார்க்கெட் பன்னீர் திராட்சை, சர்க்கரை, தண்ணி. வேற எந்தக் கெமிக்கலும் சேர்க்கல. பழம் ஹலால்தானே?” என்றார்.

அவர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். எனக்கு வெட்கமாக இருந்தது. மதுக்கடைகளைக் கண்டித்து இருபது ஆண்டுகளாக மிம்பரில் பேசியிருக்கிறேன். ஆனால், மது எப்படி உண்டாகிறது என்று ஒரு நாளும் விளக்கியதில்லை. மது என்றால் கடையில் விற்பது என்றே நம் பிள்ளைகள் விளங்கியிருக்கிறார்கள். அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை.

பழம் மதுவாவது எப்படி?

திராட்சையின் தோலிலும் காற்றிலும் ஈஸ்ட் எனும் நுண்ணுயிர் இயல்பாகவே இருக்கிறது. பழத்தை நசுக்கியதும் அது சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. இதுவே நொதித்தல். இது உயிரினத்தின் செயல் என்பதை பிரான்ஸ் நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1857 முதல் நடத்திய ஆய்வுகளில் நிறுவினார். ஆகவே, மதுவாவதற்கு வெளியிலிருந்து எந்த இரசாயனமும் தேவையில்லை. சர்க்கரையும் ஈஸ்டும் சில நாட்களுமே போதும்.

கணக்கைப் பாருங்கள். உண்ணப்படும் சர்க்கரையின் எடையில் ஏறத்தாழப் பாதி ஆல்கஹாலாகிறது. ஒரு லிட்டர் சாற்றில் 200 கிராம் சர்க்கரை இருந்து, அது முழுவதும் நொதித்தால், ஏறக்குறைய 12 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட மது கிடைக்கும். இது கடையில் விற்கும் ஒயினுக்கு நிகரானது. சாதாரண பீரைப் போல் இருமடங்குக்கும் மேல். “வீட்டில் செய்தது, காட்டம் இருக்காது” என்பது தவறான எண்ணம்.

மூடிய பாட்டில் பிதுங்குவது கரியமில வாயுவால். ஒரு லிட்டர் புட்டியில் எஞ்சிய வெறும் 10 கிராம் சர்க்கரை நொதித்தாலே இரண்டரை லிட்டர் அளவு வாயு உண்டாகிறது. பிளாஸ்டிக் பிதுங்கும், கண்ணாடியோ வெடித்துச் சிதறும்.

அப்துல் கைஸ் குலத்தாருக்குச் சொன்ன பாடம்

இந்தப் பிதுங்கிய பாட்டிலைக் கண்டதும் எனக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அப்துல் கைஸ் குலத்துத் தூதுக்குழுவினர் வந்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சில பாத்திரங்களில் பானம் ஊறவைப்பதைத் தடுத்தார்கள். சுரைக்குடுவை, மெருகிட்ட மண்சாடி, குடைந்த பேரீச்ச மரத்தண்டு, கீல் பூசிய பாத்திரம் ஆகியவை அவை. தோல் பையில் ஊறவைக்க அனுமதி இருந்தது. காரணத்தை இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் விளக்குகிறார்கள்: அந்தப் பாத்திரங்களில் பானம் விரைவில் போதையாகிவிடும், வெளியே தெரியாது. தோல் பையிலோ, பொங்கினால் பை உப்பிக் காட்டிக்கொடுத்துவிடும். போதை பற்றிய தெளிவு மக்களிடம் நிலைபெற்ற பின் எல்லாப் பாத்திரங்களும் அனுமதிக்கப்பட்டன. போதை தருவதைக் குடிக்கக்கூடாது என்ற நிபந்தனை மட்டும் நிலைத்தது. இது முஸ்லிம் ஷரீஃபில் புரைதா (ரலி) அவர்களின் அறிவிப்பாக வருகிறது.

அந்த இளைஞரிடம், “தம்பி, தோல் பை செய்த வேலையை உங்கள் பிளாஸ்டிக் பாட்டில் செய்திருக்கிறது” என்றேன்.

நபீத் கூடும், எதுவரை?

பேரீச்சையையோ உலர்திராட்சையையோ நீரில் ஊறவைத்து அருந்துவது நபீத் எனப்படும். அண்ணலார் (ஸல்) அவர்களுக்காகக் காலையில் ஊறவைத்ததை மாலையிலும், மாலையில் ஊறவைத்ததைக் காலையிலும் அருந்துவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அன்றும் மறுநாளும் மூன்றாம் நாள் மாலை வரையும் அருந்துவார்கள், மீதியை அருந்தமாட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இரண்டும் முஸ்லிம் ஷரீஃபில் உள்ளன.

இதை, “மூன்று நாள் வரை எதுவும் ஆகாது” என்று விளங்கக்கூடாது. நம் திருச்சியின் சித்திரை வெயிலில் சாறு ஒரே நாளில் பொங்கத் தொடங்கிவிடலாம். நுரை, குமிழி, புளிப்பும் காட்டமும் கலந்த வாடை, நாக்கில் சுறுசுறுப்பு: இவற்றில் ஒன்று தென்பட்டாலே நிறுத்திக்கொள்ள வேண்டும். பதநீர் இறக்குவோர் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதும் இதற்காகத்தான். சுண்ணாம்பு இல்லையேல் சில மணி நேரத்திலேயே அது கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே பாளை. ஒன்று ஹலால், மற்றது ஹராம்.

சட்டம் என்ன?

பச்சைத் திராட்சைச் சாறு தானே பொங்கி, காட்டமேறி, நுரை தள்ளினால் அதுவே கம்ரு. ஒரு சொட்டும் ஹராம், அசுத்தமும் ஆகும் என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபட்டுள்ளன. அன்னாசி, ஆப்பிள் போன்ற பிற பழங்களின் மதுவைப் பற்றி ஹனஃபீ இமாம்களிடையே முற்காலத்தில் பேச்சு இருந்தது. எனினும் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கூற்றின்படியே ஃபத்வா: அதிகம் குடித்தால் போதை தருவது எதுவோ, அதில் கொஞ்சமும் ஹராம். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களும் மிம்பரில் நின்று, அறிவை மறைப்பதெல்லாம் கம்ரு என்றே விளக்கினார்கள்.

அப்படியானால் இட்லி மாவும் புளிக்கிறதே என்று கேட்கலாம். எத்தனை இட்லி உண்டாலும் போதை வராது. ஆகவே அது இந்தச் சட்டத்தில் வராது.

நாட்டுச் சட்டமும் இதில் உண்டு. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். வீட்டு அடுக்களையும் இதற்கு விலக்கல்ல.

இங்கு நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். அந்த இளைஞரின் பாட்டிலில் இருந்தது அதுவல்ல. “இதைக் குடித்தால் உடனே செத்துப்போவாய்” என்று மிரட்ட நான் விரும்பவில்லை. பொய்யால் பயமுறுத்தினால், பொய் வெளுக்கும் நாளில் பயமும் போய்விடும். விஷம் என்பதால் மட்டும் மது ஹராமாகவில்லை. அது அறிவை மறைக்கிறது, பகையை மூட்டுகிறது, தொழுகையைத் தடுக்கிறது. அல்மாயிதா அத்தியாயம் 90, 91 ஆம் வசனங்களில் அல்லாஹு தஆலா சுட்டும் காரணங்களைப் பாருங்கள்.

அண்டை வீட்டார் தந்தால்?

நமக்கு அருகிலுள்ள பொன்மலை இரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவந்தன. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் திராட்சை ஒயின் செய்வது அச்சமூகத்தாரின் பழக்கம். அன்புடன் யாரேனும் நீட்டினால் முகம் சுளிக்காதீர்கள். “எங்களுக்குக் கூடாதுங்க, மன்னிச்சுக்குங்க” என்று கனிவாகச் சொன்னால் அவர்கள் விளங்கிக்கொள்வார்கள். கேக்கில் மதுவில் ஊறிய பழம் உண்டா என்று கேட்பதும் தவறல்ல.

ஹலாலான வழி

பழச்சாற்றைப் புட்டியில் சேமிப்பது தவறல்ல. 1869-இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், தேவாலயத்தில் மதுவுக்குப் பதிலாகப் பயன்படுத்துவதற்காக, திராட்சைச் சாற்றைப் புட்டியிலிட்டுச் சூடாக்கி நொதிக்காமல் காத்தார். நாமும் சாறு பிழிந்த உடனே 80 டிகிரி வரை சூடாக்கி, கொதிநீரில் கழுவிய புட்டியில் சூடாகவே ஊற்றி மூடி, குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களில் பருகிவிடலாம். சூட்டில் ஈஸ்ட் மடிந்துவிடும். பாட்டில் உப்பினால் குடிக்காதீர்கள்.

அந்தத் தம்பி கடைசியாக, “இதை வினிகர் ஆக்கலாமா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. காற்றுப்பட வைத்தால் வேறொரு நுண்ணுயிர் ஆல்கஹாலைக் காடியாக மாற்றும். தானாக மாறினால் எல்லோரிடமும் கூடும். நாமே மாற்றினாலும் ஹனஃபீ மத்ஹபில் கூடும். ஏதேனும் பொருளைச் சேர்த்து மாற்றினால் ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. அனாதைகளுக்கு வாரிசாக வந்த மதுவைக் காடியாக்கலாமா என்று அபூதல்ஹா (ரலி) அவர்கள் கேட்டபோது, அண்ணலார் (ஸல்) அவர்கள் அனுமதிக்காமல் கொட்டிவிடச் சொன்னதே அவர்களின் ஆதாரம்.

பிறகு அதே அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியைச் சொன்னேன். அனஸ் (ரலி) அவர்கள் பேரீச்ச மதுவைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மது தடுக்கப்பட்டது என்ற அறிவிப்பு தெருவில் கேட்டது. யாரும் மறுமுறை விசாரிக்கவில்லை. மிச்சத்தைக் குடித்துவிடுவோம் என்றும் சொல்லவில்லை. மதீனாவின் வீதிகளில் மது ஓடியது.

இளைஞர் சற்று நேரம் மௌனமாக நின்றார். பின் தாயிடமிருந்து பையை வாங்கி, தெருவோரச் சாக்கடையருகே சென்று மூடியைத் திருகினார். ‘புஸ்’ என்று நுரை பீறிட்டு அவர் சட்டையை நனைத்தது. முழுவதையும் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து, “சட்டையை அலசணுமா ஹஜ்ரத்?” என்று கேட்டார்.

“ஆமாம் தம்பி, அலசிவிட்டு அஸருக்கு வாருங்கள்” என்றேன். வந்தார்.

வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததிகளையும் அறியாமையிலிருந்தும் போதையிலிருந்தும் பாதுகாப்பானாக! ஆமீன்.