எம்.சி.ராஜாவின் படத்தை மாட்டலாமா?

சூலக்கரையில் உள்ளூர் வரலாறு பேசும் சிறு வட்டம் ஒன்றின் கூட்டத்தில் அண்மையில் சூடான வாக்குவாதம். அம்பேத்கர், இமானுவேல் சேகரன் படங்களுக்குப் பக்கத்தில் எம்.சி.ராஜா படத்தையும் மாட்டலாமா என்பதுதான் கேள்வி. “அம்பேத்கரைக் காட்டிக்கொடுத்தவருக்கா படம்?” என்று எழுந்துவிட்டார் கல்லூரி மாணவர் ஒருவர்.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் தனித் தொகுதிக்காக வாதாடினார்கள். அதுவரை தனித் தொகுதி கேட்டுவந்த ராஜா, 1932 தொடக்கத்தில் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேவுடன் ஒப்பந்தம் போட்டார். கூட்டுத் தொகுதி, அதில் ஒதுக்கப்பட்ட இடங்கள் போதும் என்றார். ‘உங்களிலேயே ஒருவர் தனித் தொகுதி வேண்டாம் என்கிறாரே’ என்று அம்பேத்கரை மடக்க அது பயன்பட்டது. அந்த செப்டம்பரில் காந்தியின் உண்ணாவிரதம், 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம். வட்டமேசைக்கு அழைக்கப்படாத மனத்தாங்கலும் ராஜாவுக்கு இருந்திருக்கலாம். எப்படியிருந்தாலும் அது தவறு. அதைப் பூசி மெழுக நான் வரவில்லை.

ஆனால் அறுபது வயது வாழ்ந்த ஒருவரை ஒரே கையெழுத்தில் அடக்கிவிட முடியுமா? பரங்கிமலையில் 1883இல் பிறந்து, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 1920இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமனமானார். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ‘ஆதிதிராவிடர்’ என்று எழுதவேண்டும் என அவர் கொண்டுவந்த தீர்மானத்தின்படி 1922இல் அரசாணை வந்தது. நம் பிள்ளைகள் பலரின் சாதிச் சான்றிதழிலும், நலப்பள்ளி, விடுதிப் பலகைகளிலும் இருக்கும் சொல் அது. (தெற்கே அந்தப் பெயரை ஏற்காதவர்களும் உண்டு; அது தனி வழக்கு.)

1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் கலவரம் மூண்டபோது, நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடர் மீதே பழி போட்டார்கள். ராஜா 1923இல் கட்சியை விட்டே வெளியேறினார். இதை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

1938தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொதுக் கிணறு, பொதுச் சாலை போன்றவற்றில் தீண்டாமையைத் தடுக்கும் ராஜாவின் மசோதா அந்த ஆண்டு சட்டமானது. அடுத்து கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். பிரதமர் ராஜாஜி முதலில் ஆதரவு காட்டிவிட்டு, பிறகு திரும்பப் பெறச் சொன்னார். ராஜா மறுத்தார், மசோதா தோற்றது. காந்திக்கு எழுதினார், காந்தியோ ராஜாஜியின் பக்கம் நின்றார். யாரை நம்பி 1932இல் கையெழுத்திட்டாரோ, அவர்களிடமே ஏமாந்தார்.

கோயில் வாசலில் மறிக்கப்படுவது என்னவென்று சிவகாசிப் பக்கத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டாம். நாடார்களின் நுழைவுரிமைப் பூசல் 1899இல் பெருங்கலவரமாக வெடித்த ஊர் அது. 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் அழைத்துப்போன குழுவில் கக்கனோடு விருதுநகர் எஸ்.எஸ்.சண்முக நாடாரும் இருந்தார்.

1942 மார்ச்சில் கிரிப்ஸைச் சந்திக்க அம்பேத்கரும் ராஜாவும் ஒன்றாகவே போனார்கள். மறு ஆண்டு ராஜா இறந்தார். இதைச் சொன்னதும் அந்த மாணவர், “அம்பேத்கரே கூட்டிக்கொண்டாரா அண்ணே?” என்று கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

படம் இன்னும் மாட்டவில்லை. அடுத்த கூட்டத்தில் மூஞ்சே ஒப்பந்தத்தையும் பூனா ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதென்று முடிவு. வாசிக்கப்போவது அந்த மாணவர்.