வளைவு கூடியதா, நின்ற விதம் மாறியதா?

வளரும் மகளின் முதுகு ஒரு பக்கம் வளைந்திருப்பதைத் தாய் முதலிற் காண்பது தலை பின்னும்போதோ சட்டைக்கு அளவெடுக்கும்போதோதான். ஒரு தோள் உயர்ந்திருக்கும். ஒரு தோட்பட்டை புடைத்திருக்கும். வைத்தியசாலையில் எக்ஸ்றே எடுத்து 22 பாகை என்பார்கள். ஆறு மாதத்தின் பின் 28 பாகை என்றால் வீடே கலங்கிப்போகும். கலங்குமுன் ஒன்று கேட்போம்: இரு தடவையும் பிள்ளை ஒரே விதமாக நின்றாளா?

நியூயோர்க் எலும்பு வைத்திய நிபுணர் ஜோன் கொப் 1948இல் விளக்கிய முறையே இன்றும் கைக்கொள்ளப்படுகிறது. வளைவின் இரு முனைகளிலும் அதிகம் சரிந்துள்ள முள்ளென்புகளின் விளிம்பில் கோடு கீறி, இடைப்பட்ட கோணத்தை அளப்பர். 10 பாகைக்குக் குறைந்தால் அது நோயாகக் கொள்ளப்படுவதில்லை. வளரும் பிள்ளைக்கு 25 பாகையளவில் முதுகுக் கவசமும், 45 – 50 பாகையைத் தாண்டினால் சத்திரசிகிச்சையும் பேசப்படும். ஆகவே ஐந்தாறு பாகை சின்ன விடயமன்று.

படுத்திருக்கும்போது உடற்பாரம் முள்ளந்தண்டை அழுத்துவதில்லை. எனவே நின்று எடுத்த படத்தைவிட வளைவு குறைவாகவே தெரியும். வித்தியாசம் பத்துப் பாகைவரை வரலாம். நிற்கும்போதும் ஒரு முழங்காலை மடித்தால் இடுப்புச் சரிந்து, அதன்மேலுள்ள முள்ளந்தண்டும் வளையும். ஒரு கால் குட்டையானவருக்கும் அப்படியே. அதனாற்றான் குட்டைக் காலின் கீழ் பலகை வைத்துப் படமெடுப்பதுண்டு.

பக்கவாட்டுப் படத்தில் தொங்கும் கைகள் முள்ளந்தண்டை மறைக்கும். கைகளை முன்னே நீட்டினாலோ, சமநிலைக்காக உடல் பின்னே சாயும். ஆகவே முழங்கையை மடித்து விரல்களைக் காறையெலும்பின்மேல் வைக்கச் சொல்வது பல இடங்களில் வழக்கம். "நேராய் நில்!" என்று நாம் அதட்டுவதும் உதவாது, விறைத்து நிற்பது பிள்ளையின் இயல்பான நிலையன்று.

ஒரே படத்தை இருவர் அளந்தாலும் ஏறக்குறைய 5 பாகை வேறுபடலாம். எனவே பழைய படங்களைப் பத்திரப்படுத்தி ஒவ்வொரு முறையும் கொண்டுசெல்லுங்கள். சப்பாத்தின்றி, இரு காலிலும் சமமாகப் பாரமிட்டு, முழங்கால் மடியாமல் நிற்க வையுங்கள். முந்திய படம் நின்றா படுத்தா எடுக்கப்பட்டது என்று கேளுங்கள்.

ஒரே விதமாக நின்றும் 5 பாகைக்கு மேல் கூடியிருந்தால் தாமதம் வேண்டாம். பிள்ளை விரைவாக வளரும் காலத்தில் வளைவும் விரைவாகவே கூடும்.