இலை வழியே இடம் மாறும் பாக்டீரியா

பருத்தி இலையின் அடிப்பக்கத்தில் அப்பிக் கிடக்கும் வெள்ளை ஈ தனித்து வாழும் பூச்சி அல்ல. அதன் உடலுக்குள் பல வகை பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கரிசல் காட்டில் மழையை நம்பிப் பருத்தி விதைக்கும் விவசாயிக்கு வெள்ளை ஈ பழகிய எதிரிதான். அதன் பலத்தில் ஒரு பங்கு இந்த பாக்டீரியாக்களிடமிருந்து வருகிறது.

செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி. உடல் வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் குறைவு. வெள்ளை ஈக்கு அந்தக் குறையை ஈடு செய்வது போர்ட்டியேரா என்ற பாக்டீரியா. அசுவினிக்கு அதையே புக்னெரா செய்கிறது. தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும் இவை பல கோடி ஆண்டுகளாகப் பூச்சியோடு கட்டுண்டவை.

ரிக்கெட்சியா, வால்பாக்கியா, ஹாமில்டனெல்லா போன்றவை வேறு வகை. இவை இல்லாமலும் பூச்சி பிழைத்துக்கொள்ளும். இவையும் பெரும்பாலும் தாய்வழியாகவே பரவுகின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பூச்சிகளில் ஏறக்குறைய ஒரே வால்பாக்கியா காணப்படுகிறது. தாய்வழி மட்டுமே இருந்தால் இது நடந்திருக்க முடியாது.

விடை செடிக்குள் இருந்தது. ரிக்கெட்சியா உள்ள வெள்ளை ஈ சாறு உறிஞ்சும்போது, அந்த பாக்டீரியா செடியின் சாற்றுக் குழாய்களுக்குள் இறங்குவதையும், அதே இலையில் உறிஞ்சும் மற்ற வெள்ளை ஈக்கள் அதைப் பெறுவதையும் இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். 2017இல் வெளியான சீன ஆய்வு பருத்தியிலேயே நடந்தது. வெள்ளை ஈ விட்டுச்சென்ற வால்பாக்கியா பருத்தி இலையில் குறைந்தது 50 நாள் தங்கியிருந்தது. பிறகு அந்தச் செடியில் உறிஞ்சிய பூச்சிகளுக்கு அது தொற்றி, அவற்றின் குஞ்சுகளுக்கும் போனது. இரண்டு பூச்சிகள் நேரில் சந்திக்கவே தேவையில்லை. செடி ஒன்றாக இருந்தால் போதும்.

இன்னொரு வழி ஒட்டுண்ணிக் குளவி. வெள்ளை ஈயின் குஞ்சைக் கொல்லும் இந்தச் சிறு குளவி விவசாயியின் நண்பன். ஆனால் அது குத்திப் பார்க்கும் குஞ்சுகள் எல்லாமே சாவதில்லை. ஒரு குஞ்சைக் குத்திய முனையால் அடுத்ததைக் குத்தும்போது, சுத்தம் செய்யாத ஊசியைப் போல வால்பாக்கியாவைக் கடத்திவிடுகிறது. 2015இல் இது சோதனையில் உறுதியானது.

இப்படிக் கைமாறுவது அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் ஒரு முறை நடந்தாலே போதும்; மிச்சத்தைத் தாய்வழி பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் அரிசோனாவில் வெள்ளை ஈக்களில் 1 சதவீதமாக இருந்த ரிக்கெட்சியா ஆறே ஆண்டுகளில் 97 சதவீதமானது. அதைச் சுமந்த பெண் ஈக்கள் அதிகக் குஞ்சுகளை ஈன்றன. அவற்றிலும் பெண்களே கூடுதல். ஹாமில்டனெல்லாவோ தக்காளி இலைச்சுருள் வைரஸ் பரவ உதவுகிறது. பூச்சி அதே பூச்சியாகத் தெரியும். அதன் இயல்பு மாறியிருக்கும்.

வெள்ளை ஈ என்று ஒரே பெயரில் அழைக்கப்படுவதே உண்மையில் பார்வைக்கு வேறுபாடு தெரியாத பல இனங்களின் கூட்டம். இந்தியாவில் அவற்றில் பல உண்டு. பருத்தி, வெண்டை, கத்தரி என எல்லாவற்றிலும் அவை உறிஞ்சும். வேப்பந்தட்டை, செந்துறைப் பக்கத்துக் காடுகளில் பருத்தி முடிந்த பின்னும் வரப்பில் துத்தி நிற்கும். வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் அதில்தான் காத்திருக்கும். பல பூச்சிகள் ஒரே செடியில் உறிஞ்சும் இடம், பாக்டீரியா கைமாறவும் வாய்ப்புள்ள இடம்.

மருந்துத் தெளிப்பு இந்தப் பாதையை அடைக்காது. அறுவடை முடிந்ததும் பருத்திமாரைக் காட்டில் விடாமல் அப்புறப்படுத்துவதும், வரப்புத் துத்தியைப் பூக்கும் முன் பிடுங்குவதும் பூச்சிகள் கூடும் செடியையே இல்லாமல் செய்யும். ஒருவர் காட்டில் மட்டும் செய்தால் பலன் குறைவு. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே சமயத்தில் செய்ய வேண்டும்.